லேப்டாப்புக்கு நான் வைத்த நாலு பொட்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூசையும் அதற்கு மறுநாளுமாக இரண்டே நாளில் நடந்து முடிந்த சங்கதி இது. அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் எங்கள் ஊர். கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு பழைய டிராக்டர், இவ்வளவுதான் எங்கள் சொத்து. வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். ஒரே மகன் ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். நான் எட்டாவது வரை படித்தவள். காலையில் சாமிக்கு விளக்கேற்றாமல் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

அந்த வருடம் ஆவணியில்தான் மகனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மருமகள் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண். சீரோடு பித்தளைப் பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் வந்து இறங்கியபோது அவள் மட்டும் ஒரு கறுப்புப் பையைத் தோளிலிருந்து கழற்றவே இல்லை. அதற்குள் லேப்டாப். ஏதோ ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த இரண்டாவது வாரம், மதியம் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். அவள் அறையிலிருந்து ஒரே சத்தம்.

“செத்துராதடி! கொஞ்சம் தாங்கு, இதோ வந்துட்டேன்!”

கையில் சோப்பு நுரையோடு ஓடினேன். போனில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, அவர்கள் வீட்டில்தான் ஏதோ கெட்ட சேதி என்று எனக்குக் குலை நடுங்கிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், காதில் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

“யாருக்கும்மா என்னாச்சு?”

திரும்பிப் பார்த்து, என் கையையும் முகத்தையும் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“யாருக்கும் ஒண்ணுமில்லத்தே. கேமு.”

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பெண்கள். இப்போது ஆளுக்கு ஒரு ஊர். ஐவரும் சேர்ந்து ஒரு அணியாக, இன்டர்நெட் வழியாக இந்த விளையாட்டை விளையாடுகிறார்கள். ஒரு கோட்டை இருக்கும், அதை எதிர் அணி வந்து உடைக்காமல் காப்பாற்ற வேண்டும். சண்டை போடுவது மற்ற நாலு பேரும். அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுத்து எழுப்புவது இவள் வேலை.

மருந்து கொடுக்கிற வேலை என்றதும் எனக்குப் பாதி சமாதானம் ஆகிவிட்டது. ஆனாலும் மீதி பாதி சமாதானம் ஆகவில்லை. அதிகம் பேசாத பெண் அவள். கேட்டால் பதில், சொன்னால் வேலை. எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. அந்த அறைக்குள் மட்டும் அப்படிச் சிரிக்கிறாளே, நம்மிடம் என்ன குறை என்று மனசுக்குள் ஒரு முள் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்மனை, என் தையல் மிஷின், டிராக்டர் சாவி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். மறுநாள் காலையில் மறுபூசை போட்டு எடுக்கும் வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் காய் நறுக்கக்கூட அரிவாள்மனை கிடையாது.

நான் கேட்காமலே மருமகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுவும் ஆயுதந்தானேத்தே” என்றாள். “மேல மூடியில மட்டும் ஒரு பொட்டு வைங்க. உள்ள எதுவும் படக் கூடாது. நாளைக்குப் போட்டி இருக்கு.”

போட்டி மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. இரண்டில் ஒன்றாவது ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அதற்கு முந்தின நாள் பூராவும் பழகிப் பார்ப்பார்களாம். எங்கள் வழக்கத்துக்காக அந்த ஒரு நாளை அவள் விட்டுக்கொடுத்தாள். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை.

மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். பூசை ஆயிற்று. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் படைத்து, பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். நான் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கூடத்துக்கு வந்தேன். அந்த ஒற்றைப் பொட்டைப் பார்க்கப் பார்க்க மனசு ஒப்பவில்லை. புதுத்துணி என்றால் நாலு மூலைக்கும் மஞ்சள், பத்திரிகை என்றால் நாலு மூலைக்கும் மஞ்சள். வேலை செய்கிற இடம் உள்ளே இருக்க, மூடிக்கு மட்டும் பொட்டு வைத்தால் அது எப்படிப் பூசையாகும்? முதல் வருடப் பூசை வேறு. புள்ள நல்லா இருக்கணுமே!

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாக மூடியைத் திறந்தேன். திரையில் வெளிச்சம் வந்து, மகனும் மருமகளும் மாலையோடு நிற்கிற கல்யாணப் போட்டோ தெரிந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சந்தனத்தைத் தண்ணீர் இல்லாமல் கெட்டியாக எடுத்துக்கொண்டேன். லேப்டாப் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. இடது கையால் கீழ் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை மோதிர விரலால் மேல் மூலைப் பொத்தானில் நன்றாகப் பதியும்படி ஒரு பொட்டு வைத்தேன்.

வைத்த அந்த நொடியில், அந்தப் பொத்தானில் கடுகளவு ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது!

எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. பொட்டு வைத்த இடத்திலேயே விளக்கு எரிகிறது என்றால் வேறு என்னவாக இருக்கும்? அம்மா, ஏத்துக்கிட்டியா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்று மூலைக்கும் பொட்டு வைத்து, அவளுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாளே என்று முந்தானையால் எல்லாவற்றையும் துடைத்து, மூடி வைத்துவிட்டேன். அன்றைக்குப் பூராவும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சாமி உத்தரவை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது அல்லவா?

மறுநாள் காலையில் மறுபூசை. கற்பூரம் காட்டினதும் மருமகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். மகனுக்குக் காலை ஷிப்ட், போய்விட்டான். பதினொரு மணிக்கு அறைக்குள் சத்தம் ஆரம்பமானது. நான் அடுப்படியில் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தேன். நமக்குத்தான் உத்தரவு கிடைத்துவிட்டதே!

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “அய்யய்யோ, சத்தம் போயிருச்சு” என்றாள். கொஞ்ச நேரத்தில், “ஏண்டி, நான் பேசுறது கேக்குதா இல்லையா?” என்றாள். அப்புறம், “அத்தே, கரண்டு போயிருச்சா?” என்று கத்தினாள். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது திரை இருட்டிக்கொண்டே வந்தது. அவள் விரல்கள் மேல் வரிசைப் பொத்தான்களைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் ஏதாவது ஒன்று கெட்டுப்போனது. கடைசியில் ஒரு பொத்தானை ஓங்கித் தட்டினாள். திரையில் சின்னதாக ஒரு விமானப் படம் வந்தது. அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை.

பிற்பாடு அவள் விளக்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துகளுக்கு மேலே உச்சியில் எஃப் ஒன்று, எஃப் இரண்டு என்று பன்னிரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை. என் மிக்சியில் ஒரே குமிழ்தான், இந்தப் பக்கம் திருப்பினால் ஓடும், அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு சுற்று சுற்றி நிற்கும். அது மாதிரி. விளையாட்டில் எஃப் ஒன்றைத் தட்டினால் முதல் தோழிக்கு மருந்து, இரண்டைத் தட்டினால் இரண்டாம் தோழிக்கு, நாலு வரைக்கும் அப்படி. ஐந்து தனக்கு. எட்டு என்பது பெரிய மருந்து, ஐந்து பேரையும் ஒரே சமயத்தில் எழுப்பும். ஒரு ஆட்டத்துக்கு ஒரே முறைதான் கிடைக்கும். அதே பொத்தான்களுக்கு லேப்டாப்பின் சொந்த வேலை ஒன்றும் உண்டு. ஒன்று சத்தத்தை நிறுத்தும், நாலு மைக்கை அடைக்கும், ஐந்து வெளிச்சத்தைக் குறைக்கும், எட்டு இன்டர்நெட்டையே துண்டித்துவிடும். எந்த வேலையைச் செய்வது என்பதில்தான் அன்றைக்குக் குளறுபடி. தோழிக்கு மருந்து கொடுக்கப் போனால் இவள் மைக் அடைத்துக்கொண்டது. ஐந்து பேரும் சாகக் கிடக்கும்போது எட்டைத் தட்டினாள், ஆட்டத்திலிருந்தே தூக்கி எறியப்பட்டாள்.

முதல் ஆட்டம் தோல்வி. அரியலூரில் தெரிந்த ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டார் வீட்டுக்காரர். “கீபோர்டு போயிருக்கும், மாத்தணும், இன்னைக்குக் கடை லீவு” என்று பதில் வந்தது.

மருமகள் அடுப்படிக்கு வந்து, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“சாயங்காலத்துக்கு வேற புள்ளையக் கேட்டுருக்காங்கத்தே. மூணு மணிக்குள்ள நான் சொல்லலன்னா அவதான் ஆடுவா. அப்பறம் எடம் அவளுக்கே.”

“ஏம்மா, ஒரு தடவ தப்பிப்போனா என்ன?”

“ஒரு தடவைக்காக இல்லத்தே. கல்யாணம் ஆயிட்டா இப்படித்தான், மனசு இதுல இருக்காதுன்னு சொல்றாங்க. நாலு வருசமா ஆடுறோம். ஒரு நாள் தவறுனது இல்ல.”

கீபோர்டு என்றால் அந்தப் பொத்தான் பலகைதான் என்பது தெரிந்துவிட்டது. நேற்று நான் சந்தனம் அப்பிய அதே பலகை. சந்தனம் உள்ளே இறங்கிக் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே! வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே தொடாதே என்று சொல்லியும் தொட்ட மாமியார் என்ற பேர் வாழ்நாளுக்கும் நிற்குமே என்று பயம். மௌனமாகவே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், சாமி மன்னிக்கணும்.

அப்போது அவள் ஒன்று சொன்னாள்.

“காலைல கற்பூரம் அணையறதுக்குள்ள எடுத்துட்டேன்ல. அதான் சாமிக் குத்தம் ஆயிருச்சோ, என்னவோ.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்த தப்புக்கு அந்தப் பெண் தன்மேலே பழியைப் போட்டுக்கொள்கிறாள், அதிலும் சாமி பேரைச் சொல்லி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூடியைத் திறந்தது, நாலு பொட்டு வைத்தது, முந்தானையால் துடைத்தது, எதையும் விடவில்லை.

“சாமி மேல சத்தியமா நல்லதுக்குத்தாம்மா வச்சேன். வெளக்கு வேற எரிஞ்சுதா, அம்மனே உத்தரவு குடுத்துட்டான்னு நெனச்சுட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “என்ன வெளக்குத்தே?”

“மேல மூலையில. கடுகளவு.”

“என் லேப்டாப்புல அந்த மாதிரி வெளக்கே எரிஞ்சதில்லையே!”

எழுந்து ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். திறந்து பார்த்தால் மேல் இடது மூலையில் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விளையாடும்போது திரையைப் பார்ப்பாளே தவிர பொத்தானைப் பார்ப்பாளா? கவனித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தவள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் நேற்று இருந்த அதே இடத்தில் வைத்தாள்.

“நேத்து எப்படி வச்சீங்களோ அப்படியே வைங்க. சந்தனம் வேணாம், கை மட்டும்.”

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார். இடது கைக் கட்டைவிரல் கீழ் மூலைப் பொத்தான்மேல் விழுந்தது. வலது மோதிர விரலை மேல் மூலையில் வைத்து அழுத்தினேன்.

விளக்கு அணைந்தது.

“திரும்ப வைங்க!”

வைத்தேன், எரிந்தது. இன்னொரு தடவை வைத்தேன், அணைந்தது. மருமகள் எஃப் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. ஐந்தைத் தட்டினாள். வெளிச்சம் குறையவில்லை. அவ்வளவுதான், தரையில் அப்படியே மல்லாந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். இந்த இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் மேல் வரிசையின் வேலை மாறிவிடுமாம். அதற்கு அடையாளம்தான் அந்த விளக்காம். நாலு வருடமாக விளையாடுகிறவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை. “நீங்க கண்டுபுடிச்சீங்கத்தே, நீங்க கண்டுபுடிச்சீங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “போன வருசம் டிராக்டருக்குக் கண்ணு தெரியாத அளவுக்கு மாலையப் போட்டா. இந்த வருசம் இதுவா? நல்லவேள, என்னையத் தூக்கிப் பூசையில வைக்கல.”

“வச்சா நாலு பொட்டு பத்தாது. உச்சி வரைக்கும் நெத்திதான்” என்றேன். மருமகள் மறுபடியும் விழுந்து சிரித்தாள்.

ஆனால் மணி இரண்டே முக்கால். அவள் தோழிகள் நாலு பேரையும் ஒரே போனில் சேர்த்துக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது. இவள் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாத பெண்களிடம் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

“நான் அவ மாமியார் பேசுறேம்மா. தப்பு எம்மேலதான், உங்க புள்ள மேல இல்ல. கம்ப்யூட்டருக்குச் சாமி கும்புடுறேன்னு எதையோ அமுக்கிப்புட்டேன். அவ ஆட்டம் கல்யாணத்தால கெட்டுப்போகலம்மா. நேத்து ஒரு நாளு தொடாம இருந்தது எங்க வழக்கத்துக்காக. அவ எடத்த அவளுக்கே குடுங்க.”

அந்தப் பக்கம் நாலு குரல்களும் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. “அத்தே, அவளையே ஒக்காரச் சொல்லுங்க” என்றது ஒரு குரல். யார் என்று இன்றைக்கும் தெரியாது.

நாலு மணி. மருமகள் என்னைக் கைபிடித்து இழுத்துப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டாமல், எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தை வெளியே விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் நம் ஆள், யார் அடுத்த ஆள் என்றே தெரியவில்லை. ஆனால் அவள் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தி சாயப் போகிறாள் என்றால் இவள் விரல் அதற்கு முன்னாலேயே மேல் வரிசைக்குப் போய்விடுகிறது. தன்னுடைய ஐந்தாம் பொத்தானை அவள் தொடவே இல்லை. இதை மட்டும் நான் நன்றாகக் கவனித்தேன். அடிபட்டுக்கொண்டே மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஐந்து பேரும் கோட்டை வாசலில் குற்றுயிராகக் கிடந்தார்கள். “பெருசு, பெருசப் போடுடி!” என்று கத்துகிறார்கள். மருமகள் விரல் எட்டாம் பொத்தானுக்கு மேலே ஒரு நொடி நின்றது. காலையில் விமானம் வந்த பொத்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மூலையைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

“அடிம்மா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஐந்து பேரும் பச்சை வெளிச்சமாக எழுந்து நின்றிருந்தார்கள். அடுத்த ரெண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அறை முழுக்கக் கூச்சல். மருமகள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பூசைப் பொரியை ஒரு கை அள்ளி எங்கள் தலையில் போட்டுவிட்டு, “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டார்.

லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பெண், “அத்தே, அடுத்த வருசம் எங்க லேப்டாப்புக்கும் பொட்டு வைங்க” என்றாள். “ஏய், தூரத்துலேர்ந்து கும்புடச் சொல்லு, போதும்” என்றாள் இன்னொருத்தி.

அடுத்த சுற்றில் அவர்கள் தோற்றுவிட்டார்கள். அதைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. மருமகள் இடம் மருமகளிடமே இருக்கிறது.

அந்த விளக்கைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது சாமி உத்தரவு இல்லை, பொத்தானின் வேலை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அது எரிந்ததைச் சொல்லப்போய்த்தானே எல்லாம் சரியானது? நான் மறைத்திருந்தால் அதுவும் மறைந்திருக்கும். அவளுக்கு நல்லது செய்ய நினைத்தவள் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் ஆயுத பூசைக்கு அவளே லேப்டாப்பை அணைத்துத் திறந்து வைத்து, “எங்க வேணும்னாலும் வைங்கத்தே” என்பாள். நான் மூடியில் ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன்.

இன்றைக்கும் மதியத்தில் அந்த அறையிலிருந்து “செத்துராதடி, இதோ வந்துட்டேன்!” என்று அவள் குரல் கேட்கும்போது, அடுப்படியில் நின்றபடியே, முகம் தெரியாத அந்த நாலு பெண்களும் சேர்ந்து நல்லா இருக்கணும் என்று ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்கிறேன்.